இரண்டாவது கண்ணாடியில் கிழிந்த சிவப்பு

பொய்ச் சத்தியம் செய்தவள் என்று இன்னொரு தரம் சொன்னாயானால், பாஸ்க்கா, உன் மணித்தட்டைத் தூக்கிக் கால்வாயில் கவிழ்த்துவிடுவேன். எழுபது தாண்டிய கிழவியை யாரும் சிறையில் போடமாட்டார்கள்.

"நானா சொல்றேன் அக்கா? ஊரே சொல்லுது."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் முரானோத் தீவில் உலைக்கும் குறைவில்லை, மூடிக்கும் குறைவில்லை, அப்படியும் முடியவில்லை. என் மருமகள் ஒர்சேத்தா வீட்டை விட்டுப் போய் இந்தப் பிப்ரவரியோடு நாலு வருஷம். இன்னும் வாய் ஓயவில்லை. அங்கி போட்ட அந்தப் பாதிச் சாமியாரோடு ஓடிப்போனாள் என்கிறார்கள். கண்ணாடி ரகசியத்தை இங்கிலீஷ்காரனுக்கு விற்றாள் என்கிறார்கள். கோயிலில் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துப் பொய் சொன்னாள் என்கிறார்கள். ஒன்றும் நிஜமில்லை.

மாமியார் மருமகளுக்குப் பரிந்து பேசினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே நினைப்பீர்கள்? இருக்கிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல எழுதுகிறவர்கள் எழுதட்டும். அச்சிலே ஏறின பெயர்தான் அவளைக் கெடுத்தது. எழுத்தாலேயே அது தீரட்டும்.

ஒர்சேத்தா எங்கள் தீவுக்காரி இல்லை. பட்டணத்தில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் மடம் ஒன்றில் வளர்ந்தவள். அங்கே பாட்டும் படிப்பும் சொல்லிக் கொடுப்பார்கள். பாட்டு அவளுக்கு வரவில்லை, படிப்பு வந்தது. என் மகன் மேனெகோ கண்ணாடி தேய்க்கிறவன். நாரைச் சின்னம் போட்ட கண்ணாடி உலை ஒன்று, நாரை உலை என்போம், அங்கிருந்து கட்டிக் கண்ணாடி வரும். அவன் சக்கரத்தில் பட்டை பிடித்துக் கொடுப்பான், இவள் கம்பளித் துணியில் ஈயப்பொடி தொட்டு மெருகு போடுவாள். சரவிளக்கில் தொங்குகிற பளிங்குச் சொட்டுகள் எத்தனையோ அவள் கைபட்டுப் போயிருக்கின்றன. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் இந்தச் சந்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை இப்போது எடுக்கமாட்டேன்.

அவள் போவதற்கு முந்தின வசந்தத்தில் வந்தார் கர்லாசி சாமி. சாமி என்றால் பூசை வைக்கிற சாமி இல்லை. கழுத்துப்பட்டை உண்டு, கோயில் கிடையாது. சீமாட்டிகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நல்ல பேச்சுப் பேசுகிற சாமி. அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் பனிமூட்டத்தில் ஒரு படகு நடுவாய்க்காலில் நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு சீமாட்டி, அவள் சிநேகிதர் ஒருவர். பனி விலகும்வரைக்கும் வெளிச்சம் என்றால் என்ன, நிறம் என்றால் என்ன என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலீஷ்காரர் ஒருவர் கண்டுபிடித்துக் கணக்கும் கோடுமாக எழுதியதை, பெண்பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று இவர் எழுதினாராம். புத்தகம் வாங்குகிறவர்களுக்கெல்லாம் வெல்வெட் பெட்டியில் ஒரு மூணுபட்டைக் கண்ணாடியும் சேர்த்துக் கொடுக்க நினைத்தார். அதற்குத்தான் எங்கள் வீடு. இருநூறு கண்ணாடி தேய்க்க வேண்டும்.

மாதிரிக்கு லண்டனிலிருந்து வந்த ஒன்றைத் தோல் பையிலிருந்து எடுத்து வைத்தார். புத்தகம் ஒன்றையும் வைத்தார்.

"இதுல நாலாவது பேச்சைப் பாரும் மேனெகோ. பட்டை எந்தச் சாய்வுல இருக்கணும்னு படம் போட்டிருக்கு."

"எனக்குப் படிக்க வராதே சாமி. இவளுக்கு வரும்."

"அம்மணி படிப்பாங்களா!" என்று அவர் கண்ணை விரித்தார். தன்னுடைய புத்தகத்துச் சீமாட்டியே மெருகுத்துணியோடு எதிரில் நிற்கிற மாதிரி ஒரு சந்தோஷம் அவருக்கு. நாலாவது பேச்சை மட்டும் படிக்கச் சொன்னார். அவள் முழுசையும் படித்தாள்.

படித்தது தனக்கு மட்டும் இல்லை. எங்கள் சந்தில் மணி கோக்கிற பெண்கள் வெயில் வந்ததும் நாற்காலியை வெளியே போட்டுக்கொள்வார்கள். மடியில் மரத்தட்டு, அது நிறையப் பொடிமணி. ஒரே கையில் நாற்பது ஊசியை விசிறி மாதிரிப் பிடித்து மணிக்குள் குத்தி எடுப்பார்கள். ஒர்சேத்தா நடுவில் உட்கார்ந்து படிப்பாள். படிக்கிற கை கோக்காது என்பதால் ஆளுக்கு ரெண்டு சரம் அவள் பேருக்குக் கோத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அவள் படித்ததெல்லாம் புனிதர்கள் கதை, கொலைக் கதை. இது வெளிச்சத்தின் கதை.

"வெள்ளை வெளிச்சம்ங்கறது ஒத்தை நிறம் இல்லையாம். ஏழு நிறம் ஒண்ணாச் சேர்ந்து வருதாம். கண்ணாடி அதைப் பிரிச்சு விடுதாம்."

"அடி போடி. வெள்ளைன்னா ஒண்ணுமே இல்லாததுதானே?" என்றாள் பாஸ்க்கா. இதே பாஸ்க்காதான். ஊசியைக் காதோரம் சொருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் தட்டு மாதிரின்னு வெச்சுக்கோ. தூரத்துலேந்து பார்த்தா கலங்கலா ஒரே நிறம். ஊசியை விட்டா சிவப்பு தனியா, நீலம் தனியா வருதில்ல?"

"அப்ப அந்தக் கண்ணாடி மணி கோக்கறவளா?"

"மணி பிரிக்கறவ."

அத்தனை பேரும் சிரித்தார்கள். மேனெகோ மட்டும் சக்கரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "இதை எழுத ஒரு இங்கிலீஷ்காரன் வேணுமா? நம்ம உலையில தினம் நடக்கறதுதானே" என்றான். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அந்த நினைப்பு உண்டு. மணலில் இருக்கிற துரு கண்ணாடியைப் பச்சையாக்கும். ஒரு கறுப்புக் கல்லைப் பொடித்துப் போட்டால் அது கத்தரிப்பூ நிறத்தைக் கொடுத்துப் பச்சையை அமுக்கிவிடும். கண்ணாடி தண்ணீர் மாதிரி ஆகும். உலைச்சோப்பு என்று அதற்குப் பெயர். நிறத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று முரானோவில் பிறந்தவன் ஒவ்வொருத்தனும் நினைப்பான். அந்த நினைப்புதான் பின்னால் குழியும் பறித்தது.

ஆகஸ்ட் வந்ததும் உலையை அணைத்துவிடுவார்கள். ரெண்டு மாசம் தீவில் புகை இருக்காது. அந்தச் சமயம்தான் ஒர்சேத்தா பரண்மேல் ஏறினாள். ஜன்னல் பலகையில் தமரூசியால் ஒரு துளை போட்டாள். மற்றச் சந்துபொந்தெல்லாம் பழந்துணி அடைத்தாள். துளை வழியே வந்த வெயிலில் நாங்கள் தேய்த்த கண்ணாடியைப் பிடித்தாள். எதிர்ச் சுவரில் சாணுயரத்துக்கு ஒரு பட்டை விழுந்தது. மேலே சிவப்பு, கீழே போகப்போக மஞ்சள், பச்சை, நீலம், கடைசியில் கத்தரிப்பூ. என் கண்ணால் பார்த்தேன். சந்துப் பெண்கள் முழுக்க ஏணியில் ஏறி வந்தார்கள். பாஸ்க்கா முன்றானையை விரித்துப் பிடித்து அதில் சிவப்பை விழவைத்து, "இனிமே சாயக்காரன்கிட்டப் போகவேண்டாம்டி!" என்று கத்தினாள். இப்போது பேய்வேலை என்கிறாளே, அன்றைக்கு அந்தப் பேயை மடியில் வாங்கினவள் இவள்.

அது முதல் கண்ணாடி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புத்தகத்தின் முதுகெலும்பு ரெண்டாவது கண்ணாடியில் இருந்தது. பிரிந்து விழுந்த நிறங்களில் ஒன்றை மட்டும், சிவப்பை என்று வையுங்கள், இன்னொரு பலகைத் துளை வழியாக விட்டு ரெண்டாவது கண்ணாடியில் வாங்க வேண்டும். அது மேற்கொண்டு பிரியாது, சிவப்பு சிவப்பாகவே வரும். நிறம் கண்ணாடி போடுகிற வேஷம் இல்லை, வெளிச்சத்திலேயே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிரிந்தால் புத்தகமே பொய்.

ஒர்சேத்தா ரெண்டாவது கண்ணாடியைப் பிடித்தாள். சிவப்பு கிழிந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு வால், நடுவில் பச்சையாக ஒரு திட்டு. நைந்த துணி மாதிரி.

தன் கைதான் சரியில்லை என்று நினைத்தாள். மறுநாளும் ஏறினாள், அதற்கு மறுநாளும். இருநூறு கண்ணாடியையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். ஒன்பதில்தான் சிவப்பு முழுசாக வந்தது. கடைசியில் சாமி வைத்துவிட்டுப் போன லண்டன் கண்ணாடியைப் பிடித்தாள். சிவப்பு அசையவில்லை. செங்கல் மாதிரி நின்றது.

இறங்கி வந்தவள் அடுப்படியில் விளக்கை ஏற்றி, எங்கள் கண்ணாடி ஒன்றைச் சுடருக்கு முன்னால் மெதுவாகத் திருப்பினாள்.

"இங்க பாருங்க அத்தே. உள்ள ஏதாவது தெரியுதா?"

"தெளிவாத்தான் இருக்கு."

"நேரா பார்க்காதீங்க. சுடரைப் பாருங்க, சுடர் ஆடுது பாருங்க. சர்க்கரைப் பாகைத் தண்ணியில ஊத்தினா ஓடுமே, அந்த மாதிரி நரம்பு."

தெரிந்தது. ஒரு தரம் தெரிந்தபின் தெரியாமல் இருக்க முடியவில்லை.

"நம்ம கண்ணாடியை மெல்லிசா ஊதினா உலகத்துல ஈடே இல்ல அத்தே. ஆனா கட்டியா வார்த்தா உள்ள நரம்பு ஓடிடுது. இத்தனை நாள் கட்டிக்குள்ள யாரும் வெளிச்சத்தை விட்டுப் பார்க்கல, அவ்வளவுதான்."

மேனெகோ அதை உலை முதலாளியிடம் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தான். முதலாளி பால்பரீன், நல்ல உயரம், காது மந்தம், தன் கண்ணாடியைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். 'தெளிவு போதவில்லை' என்றுதான் இவன் சொன்னான். அவருக்கு அது நிறத்தைப் பற்றின பேச்சாகத்தான் பட்டது. அக்டோபரில் உலை மூட்டியதும் உலைச்சோப்பைக் கூடக் கொஞ்சம் போட்டு, புதுசாக நாலு கட்டி வார்த்து அனுப்பினார். முந்தினதைவிடப் பளிச்சென்று இருந்தது. தேய்த்துப் பரணில் பிடித்தால் சிவப்பு முன்னைப்போலவே கிழிந்தது. சோப்புப் போட்டால் அழுக்குத்தானே போகும்? நரம்பு எப்படிப் போகும்?

"போதும் விடு. சீமாட்டிங்க ஒரு கண்ணாடிதான் வெச்சிருப்பாங்க. யாரு ரெண்டாவது வாங்கப் போறா?" என்றான் மேனெகோ.

"வாங்கினா?"

"வாங்கினா அது சாமி பாடு. நீ வாயைத் திறக்காதே ஒர்சேத்தா. இந்த உலை இல்லாட்டி நமக்கு வேற உலை இல்ல. என் பேரு பட்டியல்ல இருக்கு. தீவை விட்டு நான் எங்கயும் போகவும் முடியாது."

அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கண்ணாடிச் சங்கத்துப் பட்டியலில் பேர் உள்ள ஆண்பிள்ளை அயலூருக்குப் போய் வேலை செய்தால் குற்றம். வீட்டு ஆட்களைப் பிடித்து வைப்பார்கள்.

அவள் கையிலிருந்த கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பிறகு, "சாமிகிட்ட நான் சொல்லமாட்டேன்" என்றாள். வாக்குக் கொடுத்தாள். காப்பாற்றினாள். இதைக் கெட்டியாக எழுத வேண்டும். அவள் சாமியிடம் சொல்லவே இல்லை.

கண்ணாடிகள் போயின, புத்தகமும் விற்றது. பாதுவாவில் ஒரு பேராசிரியர் மட்டும் மெனக்கெட்டு ரெண்டு பெட்டி வாங்கியிருக்கிறார். இருட்டறையில் வைத்துப் பார்த்துவிட்டு, சிவப்பு பிரிகிறது, இங்கிலீஷ்காரன் சொன்னது பொய், அதைப் பெண்களுக்குப் பரப்புகிற கர்லாசி ஏமாற்றுக்காரன் என்று ஒரு சிறு புத்தகமே அச்சடித்துவிட்டார். நவம்பரில் சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கடன்காரனுக்குப் பயந்து நிற்கிறவர் மாதிரி முகம். ஒர்சேத்தா ஈயப்பொடி வாங்கப் பட்டணத்துக்குப் போயிருந்தாள். மேனெகோ உலையில். வீட்டில் நான் மட்டும்.

சோளக்களியும் வெங்காயத்தில் ஊறிய மத்தி மீனும் வைத்தேன். மனுஷர் தொடவில்லை.

"நான் பார்க்கும்போது சிவப்பு பிரியலயே அம்மா. என் கண்ணு பொய்யா? பாதுவால சின்னப் பசங்க என் பேரைச் சொல்லிப் பாட்டுப் பாடறாங்க. தெருவுல நடக்க முடியல" என்றார். கண் தளும்பியது.

அழுகிற ஆண்பிள்ளையைக் கண்டால் எனக்குத் தாங்காது. அதுதான் என் கேடு. "உங்க கண்ணும் பொய்யில்ல, புத்தகமும் பொய்யில்ல சாமி. சாப்பிடுங்க. நம்ம கட்டிக் கண்ணாடியில நரம்பு ஓடுதாம், சர்க்கரைப் பாகு மாதிரி. என் மருமக இருநூறையும் பிடிச்சுப் பார்த்தா, ஒன்பதுதான் தேறிச்சு. உங்க லண்டன் கண்ணாடியில சிவப்பு அசையவே இல்லைன்னு அவ சொன்னா" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் கையை முத்தமிட்டார், மீன் நாற்றம் அடிக்கிற கையை. பிறகு களி முழுவதையும் சாப்பிட்டார். நானும் புண்ணியம் செய்த மாதிரி பாத்திரம் கழுவினேன். இரவு மருமகளிடம் சொல்லவில்லை. மறந்துபோயிற்று என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

ஜனவரியில் புத்தகத்தின் ரெண்டாம் பதிப்பு வந்தது. சாமி ஒரு பிரதியைச் சிவப்பு நாடா கட்டி அனுப்பியிருந்தார். நல்ல வெயில், குளிர் இருந்தாலும் சந்தில் நாற்காலிகள் வந்துவிட்டன. புதுசாக முன்னுரை இருக்கிறது என்று ஒர்சேத்தா அதிலிருந்தே தொடங்கினாள். பாதுவாக்காரரைச் சாமி நன்றாகத் திட்டியிருந்தார், பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒரு வரியில் அவள் குரல் நின்றது.

"என்ன, பக்கம் ஒட்டிக்கிச்சா?" என்றாள் பாஸ்க்கா. "படிடி, கோத்த சரத்துக்குக் கூலி வேணாமா?"

தாண்டிப் போயிருக்கலாம். அங்கே எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேறு ஏதாவது சொல்லி ஒப்பேற்றியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வரிவிடாமல் படித்தாள்.

"'பிழை வெளிச்சத்தில் இல்லை, முரானோவின் கட்டிக் கண்ணாடியில் இருக்கிறது. சர்க்கரைப் பாகு போன்ற நரம்புகள் அதில் ஓடுகின்றன. இதைச் சொன்னவர் முரானோவிலேயே கண்ணாடி மெருகிடும் ஒரு பெண். இருநூறைச் சோதித்து ஒன்பதுதான் தேறியது என்று கண்டவர். அறிவில் எந்தச் சீமாட்டிக்கும் குறையாத அவர் பெயர் ஒர்சேத்தா.'"

நாற்பது ஊசி பிடித்த கைகள் அத்தனையும் நின்றன.

அந்த மனுஷர் அதைக் கௌரவம் என்றுதான் நினைத்திருப்பார். தூற்ற அல்ல, புகழத்தான் எழுதினார். புகழ்வதற்கு முன்னால் அவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. படகுக்குள் இருக்கும் சீமாட்டிக்கு உலை முதலாளி கிடையாதே.

அந்த வாரமே பால்பரீன் வந்தார். அந்த முன்னுரையைப் பார்த்துவிட்டு ஜெர்மன் நாட்டு வியாபாரி ஒருத்தன் சரவிளக்குகளை வேண்டாம் என்று திருப்பிவிட்டானாம். உட்காராமலே பேசினார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உன் பொண்டாட்டி கோயில்ல எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணணும் மேனெகோ. அந்தச் சாமிகிட்ட நான் எதுவும் சொல்லலன்னு ஒண்ணு. நாரை உலைக் கண்ணாடியில குறை இல்லைன்னு ரெண்டு. பண்ணினா உன் சக்கரம் சுத்தும்."

"பண்ணாட்டி?"

"ஒரு துண்டுக் கண்ணாடிகூட இந்த வாசலைத் தாண்டாது."

அவர் போனதும் மேனெகோ சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தான், அழுக்கே இல்லாத சக்கரத்தை. நான் அடுப்படியில் ஒர்சேத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாண்டி சொன்னேன். நவம்பர்ல. அவர் அழுதாரு."

"தெரியும் அத்தே."

"எப்படித் தெரியும்?"

"சர்க்கரைப் பாகுன்னு இருந்துதே. அதை நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

சந்தில் படித்த அன்றிலிருந்தே தெரிந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்க்கிற பார்வைகூட மாறவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"நான் போய்ப் பால்பரீன்கிட்டச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. ஆனா யார் சொன்னாங்கறது அவருக்கு வேண்டியதில்ல அத்தே. பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்லணும், அதுதான் வேணும் அவருக்கு."

நான் போனேன். அவர் காதுக்குள் கத்திச் சொன்னேன். அவர் சிரித்தார். "கிழவி, உனக்கு மருமக மேல பாசம், ஒத்துக்கறேன். ஆனா அச்சுல இருக்கறது உன் பேரா? எழுத்தே தெரியாதவ கண்ணாடியில நரம்பு கண்டுபிடிச்சியாக்கும்!" என்று அனுப்பிவிட்டார். சந்தில் சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள். மாமியார் பழியை ஏற்கிறாள் என்றால் வீட்டில் ஏதோ பெரிசாக நடந்திருக்கிறது என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். என் வாயால் வந்ததை ஒருத்தரும் நம்பவில்லை. ஒரு முறை மட்டும், எப்போது நம்பக்கூடாதோ அப்போது, சாமி நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கால் வைக்க இடமில்லை. பீடத்துக்குப் பின்னால், புனிதர் ஒருவர் கொன்றதாகச் சொல்லும் பறவைநாகத்தின் எலும்பு தொங்குகிற எங்கள் கோயில்தான். முன் வரிசையில் பால்பரீன், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு. மேனெகோ தூணோரம். ஒர்சேத்தா என் கறுப்புச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"கர்லாசி சாமிகிட்ட இதைப் பத்தி நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்ல."

கோயில் முழுக்கக் கேட்டது. ஒரு நடுக்கம் இல்லை. ஏன் நடுங்க வேண்டும்? அது உண்மை. உண்மை என்று தெரிந்தவர்கள் அந்தக் கோயிலில் நாலே பேர்: அவள், என் மகன், நான், ஆண்டவர். மேனெகோ தலையைத் தூக்கினான். முக்கால்வாசி தாண்டிவிட்டோம் என்று எனக்கும் மூச்சு வந்தது.

"ரெண்டாவது" என்றார் பால்பரீன்.

அவள் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது. மேனெகோவைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். இன்றைக்கும் அவனை நான் குறை சொல்லமாட்டேன், வயிறும் உண்மைதான். அவள் கையைப் புத்தகத்திலிருந்து எடுத்தாள்.

"மெல்லிசா ஊதினா ஒரு குறையும் இல்ல. கட்டியா வார்த்தா இருக்கு. வந்து பாருங்க முதலாளி. எங்க பரண்ல பத்து நிமிஷம் நில்லுங்க, காட்டறேன்."

"பரணா!" என்றார் அவர். ஜனங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? சொல்லவே இல்லைன்னு இப்பத்தான் சத்தியம் பண்ணினா. இதோ, நம்ம எல்லார்கிட்டயும் சொல்றா. அப்ப முதல் சத்தியம் என்ன சத்தியம்?"

பொய்ச் சத்தியம் என்ற பேச்சு அங்கே பிறந்ததுதான். நான் கத்தினேன். என் குரலுக்குமேல் நூறு குரல் எழும்பியது. பாஸ்க்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. முன்றானையில் சிவப்பை வாங்கினவள்.

சக்கரம் நின்றது. ஒரு வாரம், ரெண்டு வாரம். உலைப்பையன்கள் எங்கள் வாசலைத் தாண்டிக் கூடை கூடையாகக் கண்ணாடியை அடுத்த சந்துக்குக் கொண்டுபோனார்கள். மேனெகோ காலையில் எழுந்து சக்கரத்தின் முன்னால் உட்காருவான், மத்தியானம் எழுந்து படுப்பான். அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவும் இல்லை. சந்துப் பெண்கள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டார்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் பால்பரீன் ஆள் அனுப்பினார். அந்தப் பெண் வீட்டில் இல்லை என்றால் கண்ணாடி வரும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம்தான் முதலில் பேசினாள்.

"என் பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல அத்தே. நான் போகலாம். உங்க மகன் போனாத்தான் குத்தம்."

"எங்கடி போவே?"

"பாதுவால மூக்குக்கண்ணாடி தேய்க்கறவங்க இருக்காங்க. மெருகு போட ஆள் வேணும்னு மடத்துல சொன்னாங்க."

"அந்தப் பேராசிரியன் ஊருக்கா?"

முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். "அவர் வீட்டு வாசல்ல போய் நின்னு அந்த ஒன்பதுல ரெண்டைக் காட்டலாம்னு ஆசைதான். ஆனா அது நம்ம கண்ணாடி இல்லையே, உலைக்கண்ணாடி. பெட்டியில போயிடுச்சு."

இங்கிலீஷ்காரனுக்கு ரகசியம் விற்றவள், ரெண்டு கண்ணாடித் துண்டைக்கூடத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. கர்லாசி சாமியோ அந்த மாதம் முழுக்க மிலானில், வேறு ஏதோ சீமாட்டியின் விருந்தில். எழுதிய பேருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கடுதாசி போட்டுக் கேட்டதில்லை.

மறுநாள் காலை எழுந்து வழக்கம்போல அடுப்பு மூட்டினாள், களி கிண்டினாள். மேனெகோ சாப்பிட்டான். அவள் கம்பளித் துணி ரெண்டு, தமரூசி, ஒரு மாற்றுப் பாவாடை எல்லாவற்றையும் கூடையில் வைத்தாள். புத்தகத்தை எடுத்தாள், யோசித்தாள், என் கட்டிலடியில் வைத்தாள். படிக்கத் தெரியாதவளிடம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"பரண் துளையை அடைச்சிடட்டுமா?" என்றான் மேனெகோ. மூன்று வாரத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

"வேண்டாங்க. இருக்கட்டும்."

அவன் தலையை ஆட்டினான். எழுந்து அவள் கூடையைத் தூக்கிப் பார்த்தான், கனம் பார்க்கிறவன் மாதிரி. கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தான். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ராத்திரி கால்வாய்த் தண்ணீர் ஏறி வாசற்படி வரை வந்து வடிந்திருந்தது. கதவு ஊறி வீங்கி நிலையில் இறுகிக் கிடந்தது. அவள் இழுத்தாள், வரவில்லை. "அத்தே, கொஞ்சம் பிடிங்க" என்றாள். நான் பிடிக்கமாட்டேன் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் கூடையைக் கீழே வைத்து மறுபடி இழுத்தாள். விரல் கணு வெளுத்தது. தனியாக விட்டால் அந்தக் கதவு மத்தியானம் வரை திறக்காது என்று எனக்குத் தெரியும். மத்தியானம் கண்ணாடிக் கூடை வரும் நேரம்; அவள் வீட்டில் இருந்தால் அது வாசலைத் தாண்டிப் போய்விடும்.

நானும் ஒரு கை கொடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். திறந்தது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு, மறுகோடியில் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் படகுத்துறைக்குப் போனாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள்.